ஒரே மண், ஒரே சூடு: கிளேஸ் பாண்டங்களைச் செய்தும் கற்பித்தும் பிழைக்க விரும்புவோருக்கு

பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் ஆகும் பூச்சுதான் கிளேஸ். அதன் செய்முறை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. போனில் ஒரு கிண்ணத்தின் படத்தைக் காட்டி, "இந்த நீலம் எப்படி வரும்?" என்பார்கள். எந்த மண், எத்தனை டிகிரி, எந்தச் சூளை என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றும் தெரியாமல் நீலத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒரே வாளிக் கிளேஸை இரண்டு வகை மண்ணில் பூசி, சூளையின் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டாலும், ஒன்று மாசில்லாமல் வரும், மற்றது மேலெல்லாம் கீறல் விழுந்து வரும்.

கிளேஸ் பாண்டங்கள் செய்து விற்று, அதையே கற்றும் கொடுத்து வாழ விரும்புகிறவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் சில வருடங்களுக்கு ஒரே மண், ஒரே சுடுவெப்பம், ஒரே அடிப்படைக் கிளேஸ் என்று உங்களை நீங்களே கட்டிப்போடுங்கள். கேட்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் பட்டறையில் இன்று விற்கும் ஒவ்வொரு நிறமும், வகுப்பில் நான் தைரியமாகச் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தவை.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது

சூளையிலிருந்து தொடங்குங்கள். மின்சாரச் சூளை என்றால் கோன் 6, அதாவது ஏறக்குறைய 1220 டிகிரி செல்சியஸ் (கோன் என்பது சூட்டின் அளவைக் காட்டும் கூம்பு, பின்னால் சொல்கிறேன்). கேஸ் சூளை கிடைத்தால் கோன் 10 வரை போகலாம், ஏறக்குறைய 1285. ஆக்சிஜனைக் குறைத்துச் சுடும் ரிடக்‌ஷன் முறையும் அதில் கைக்கு வரும். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. உங்களிடம் எந்தச் சூளை இருக்கிறதோ அந்த வெப்பத்தில் நன்றாக இறுகும் மண்ணை வாங்குங்கள். கோன் 10 மண்ணைக் கோன் 6-ல் சுட்டால் பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் மந்தமான ஓசை வரும், கிண்ணத்தின் அடியில் ஈரம் கசியும்.

புது மண் மூட்டை வந்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். ஈர மண்ணில் ஒரு பட்டை வெட்டி, சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். காய வைத்துச் சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் சுருக்கம் தெரிந்துவிடும். 88 மி.மீ. இருந்தால் சுருக்கம் 12 சதவீதம். சுட்டபின் 10 செ.மீ. உயரத்தில் கோப்பை வேண்டுமானால் சக்கரத்தில் 11.4 செ.மீ. இழுக்க வேண்டும். ஒருவர் முழு செட் ஆர்டர் கொடுக்கும்போது இந்தக் கணக்கின் அருமை புரியும்.

இரண்டாவது, தண்ணீர் உறிஞ்சும் சோதனை. கிளேஸ் பூசாமல் முழு வெப்பத்துக்குச் சுட்ட ஒரு துண்டை எடை போடுங்கள். தண்ணீரில் சில மணி நேரம் கொதிக்க வைத்து, அப்படியே ஒரு நாள் ஊற விட்டு, மேலே துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் உறிஞ்சும் சதவீதம். உணவுக்கான பாண்டத்துக்கு நான் 2 சதவீதத்துக்குக் கீழேதான் ஏற்பேன். அதற்கு மேலே போனால் மண் நாளடைவில் ஈரத்தை இழுத்து மெல்ல விரிகிறது. மாதங்கள் கழித்து, வாங்கியவர் வீட்டில், கிளேஸில் கீறல் விழும். சூளையைத் திறந்த அன்று அது கண்ணுக்குத் தெரியாது.

கிளேஸ் என்பது என்ன

கிளேஸ் ஒரு கண்ணாடி. கண்ணாடி ஆவது சிலிக்கா. அது தனியாக உருக ஏறக்குறைய 1710 டிகிரி வேண்டும், நம் சூளைகள் அங்கே போவதில்லை. அதனால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், போரான் போன்றவற்றைச் சேர்த்து உருகும் வெப்பத்தைக் கீழே இறக்குகிறோம். இவற்றை உருக்கிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருகியது செங்குத்தான சுவரிலிருந்து வழிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவது அலுமினா. சிலிக்கா, அலுமினா, உருக்கி இந்த மூன்றும்தான் எந்தக் கிளேஸிலும். மற்றதெல்லாம் நிறமும் தோற்றமும்.

கோன் 10-க்கு எல்லோரும் தொடங்கும் இடம் 4-3-2-1 என்ற பழைய செய்முறை. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைத் தூள் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புத் தூள் 20, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 10. இதை நான் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று இதில் விரல் வைத்துக் காட்டலாம். ஃபெல்ட்ஸ்பாரில் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் கால்சியத்தைக் கொடுத்து உருக்குகிறது. கயோலின் அலுமினாவும் கொடுக்கும், வாளியில் தூள் அடியில் படியாமலும் பிடிக்கும். சிலிக்கா கண்ணாடியைக் கூட்டி, கீறலைக் குறைக்கும்.

கோன் 6-ல் இது சரியாக உருகாது. அங்கே போரான் வேண்டும். போரானைத் தண்ணீரில் கரையாத வடிவில் கொடுப்பதுதான் ஃப்ரிட், ஏற்கெனவே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள். ஃபெல்ட்ஸ்பார், வோலாஸ்டோனைட் (கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம்), கயோலின், சிலிக்கா, 3134 என்ற எண்ணுள்ள ஃப்ரிட், ஐந்தும் தலா 20 பங்கு. நினைவில் வைக்க இதைவிட எளிய கோன் 6 கிளேஸ் எனக்குத் தெரியாது. தெளிவாக, பளபளப்பாக வரும்.

செய்முறையை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது என்பதற்கு நம் தொழிலின் வரலாறே சாட்சி. அமெரிக்கக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அல்பனி ஸ்லிப் என்ற ஒரே மண்ணைப் பழுப்புக் கிளேஸாகப் பூசி வந்தார்கள். 1980-களில் அது கிடைக்காமல் போனது. கெர்ஸ்ட்லி போரேட் என்ற போரான் கனிமத்தின் சுரங்கமும் 2000-ஆம் ஆண்டில் நின்றது. பொருளின் பெயரை மட்டும் நம்பி இருந்தவர்கள் தவித்தார்கள். அந்தப் பொருளில் எந்த ஆக்சைடு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவர்கள் வேறு பொருட்களைக் கூட்டி அதே கிளேஸைக் கட்டினார்கள். ஆகவே, ஆக்சைடுகளின் மூலக்கூறு விகிதத்தைக் கணக்கிடும் முறையை இரண்டாம் வருடத்திலாவது கற்றுக்கொள்ளுங்கள். இன்று கணினியே கணக்குப் போட்டுத் தரும். வந்த எண்ணைப் பார்த்து என்ன நடக்கும் என்று ஊகிக்கத்தான் பழக வேண்டும்.

சோதனைத் துண்டுகள்

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் செய்வது இப்படி. சக்கரத்தில் அடியில்லாத, அகலமான, தாழ்ந்த ஒரு வளையம் இழுப்பேன். அடிப்பக்கம் உள்நோக்கிச் சிறிய விளிம்பு விட்டிருப்பேன். பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் வளையத்தைக் குறுக்கே வெட்டினால் தானாக நிற்கும் துண்டுகள் கிடைக்கும். ஒரு பக்கத்தில் சீப்பால் சில கோடுகள், ஒரு முத்திரை. கிளேஸ் மேடுகளில் மெலிந்து பள்ளத்தில் தேங்குவதை அதில்தான் பார்க்கலாம். துண்டு நிற்க வேண்டும் என்பது முக்கியம். படுக்க வைத்துச் சுட்ட துண்டு எந்தக் கிளேஸையும் நல்ல கிளேஸாகக் காட்டிவிடும், வழிவதை மறைத்துவிடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் 100 கிராம் காய்ந்த பொருள் போதும். நிறம் தரும் ஆக்சைடு அந்த நூறுக்கு மேலே சேர்க்கப்படுவது. துண்டு முழுவதும் ஒரு முக்கு, மேல் பாதி மட்டும் இரண்டாவது முக்கு. எண்ணை இரும்பு ஆக்சைடும் தண்ணீரும் கலந்து துண்டின் பின்னால் எழுதுங்கள். பென்சில் எழுத்து சூட்டில் எரிந்து மறையும்.

முதல் வரிசை இரும்பு ஆக்சைடாக இருக்கட்டும். அடிப்படைக் கிளேஸில் 1, 2, 4, 6, 8, 10 சதவீதம். ஆறே துண்டு. கோன் 10 ரிடக்‌ஷனில் சுட்டால் முதல் இரண்டில் செலடான் என்ற இளம் பச்சை-நீலம், நடுவில் ஆலிவும் பழுப்பும், கடைசியில் டென்மோகு என்ற கருப்பு, விளிம்புகளில் துருச் சிவப்பு உடைந்து தெரியும். அதே ஆறு மின்சாரச் சூளையில் வெளிர் தேன் நிறத்தில் தொடங்கி அடர்ந்த பழுப்பில் முடியும். ஒரே பொருள், அளவும் காற்றும் மட்டும் மாறியிருக்கிறது. ஒருவர் இந்த ஆறு துண்டுகளையும் கையில் வைத்துப் பார்த்த பிறகு அவரிடம் நான் விளக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது.

அடுத்து கோபால்ட் கார்பனேட் 0.25, 0.5, 1. இதில் கால் சதவீதமே கண்ணுக்குத் தெரியும் நீலம், தராசு சரியாக இருக்க வேண்டும். தாமிர கார்பனேட் 1 முதல் 4 வரை, மின்சாரச் சூளையில் பச்சை. ரிடக்‌ஷனில் அரை சதவீதத்துக்கும் குறைவான தாமிரம் சிவப்பாகும், அது தனி வித்தை. டின் ஆக்சைடு 4 முதல் 8 வரை சேர்த்தால் தெளிவு மறைந்து மெல்லிய வெண்மை வரும்.

ஒற்றை வரிசைகள் பழகியபின் முக்கோணக் கலவைக்கு வாருங்கள். மூன்று மூலைகளில் மூன்று கிளேஸ், 20 சதவீதப் படிகளில் கலந்தால் மொத்தம் 21 புள்ளிகள். மூன்று வாளிகளிலும் கெட்டி ஒரே அளவாக இருந்தால் ஊசியில்லா சிரிஞ்சால் மில்லி கணக்கில் எடுத்துக் கலந்துவிடலாம், தனித்தனியாக எடை போட வேண்டாம். 21-ல் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். இரண்டோ மூன்றோ உங்களை நிறுத்திப் பார்க்க வைக்கும். அவற்றைச் சுற்றி அடுத்த முக்கோணத்தைச் சின்னதாகப் போடுங்கள். இப்படித்தான் ஒரு கிளேஸ் உங்களுடையதாகிறது.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, துண்டு எண், செய்முறை, மண்ணின் பெயர், கரைசலின் எடை, எத்தனை நொடி முக்கியது, சூளையில் எந்தத் தட்டு, எந்த மூலை, கோன் எவ்வளவு சாய்ந்தது. அழகாக வந்ததை மட்டும் எழுதி வைக்கிற பழக்கம் வேண்டாம். வழிந்த துண்டுகளையும் கொப்புளித்த துண்டுகளையும் நான் எறிவதில்லை. வகுப்பில் அவற்றுக்குத்தான் வேலை அதிகம்.

வாளியும் பூச்சும்

தூளை எடை போடும்போது முகக்கவசம் கட்டாயம். துணியோ சாதாரண முகமூடியோ போதாது, நுண்தூளை வடிகட்டும் என்95 அல்லது அதற்கு மேல். களிமண்ணிலும் சிலிக்கா இருக்கிறது, கிளேஸிலும் இருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பட்டறையில் உலர்ந்த துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத் துணி, ஈர ஸ்பாஞ்சு, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, இவை மட்டும்தான். மாணவர் யாராவது மேசையில் காய்ந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டால் நான் வகுப்பை நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல் தூள். ஊறவிட்டுக் கலக்கி, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 துளை) சல்லடையில் இரண்டு முறை. ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கலக்கி, 100 மில்லி எடுத்து எடை போடுங்கள். முக்கிப் பூசுவதற்கு 140 முதல் 150 கிராமுக்குள் இருந்தால் எனக்குச் சரி. ஒவ்வொரு கிளேஸுக்கும் தனக்கான எண் உண்டு, அதைக் கண்டுபிடித்து வாளியின் மேலேயே எழுதுங்கள். "போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை வெளுத்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பான்மை பூச்சின் தடிமன் மாறியதால் வருவது.

தடிமன் இன்னொன்றையும் பொறுத்தது, முதல் சூட்டை. கிளேஸ் பூசும் முன் சுடும் அந்தச் சூட்டுக்குப் பிஸ்க் என்று பெயர், அதை நான் 1000 டிகிரியில் நிறுத்துகிறேன். ஒரு முறை 950, ஒரு முறை 1050 என்று மாற்றினால் பாண்டம் தண்ணீர் இழுக்கும் வேகம் மாறும், அதே மூன்று நொடி முக்கினாலும் வேறு தடிமன் ஏறும். பூசும் முன் பிஸ்க் பாண்டத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள், தூசி போக. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவுங்கள். பூச்சு காய்ந்ததும் ஒதுக்குப்புறமான இடத்தில் ஊசியால் கீறிப் பார்த்தால் தடிமன் தெரியும். பளபளப்பான தெளிந்த கிளேஸ் மெல்லியதாக, டென்மோகு போன்றவை கூடுதல் தடிமனாக. அடியையும் அதற்கு மேல் சில மில்லிமீட்டரையும் துடைத்துவிடுங்கள். வழியும் கிளேஸ் என்றால் இன்னும் மேலே.

சூளை

சூளையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கிளேஸ் முதிர்வது வெப்பமும் நேரமும் சேர்ந்த வேலையால். அதைக் காட்டுவது கோன். கிளேஸைப் போன்ற பொருட்களாலேயே செய்த சின்னக் கூம்பு, தன் நேரம் வந்ததும் வளையும். பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886-ல் கொண்டுவந்தது, அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-ல் தொடங்கிய வரிசையின் எண்களைத்தான் இன்று பலரும் சொல்கிறோம். ஒவ்வொரு கோன் 6 சூட்டுக்கும் மேல், நடு, கீழ்த் தட்டுகளில் 5, 6, 7 என மூன்று கோன்கள் சேர்த்து வையுங்கள். 5 படுத்திருக்க வேண்டும், 6 வளைந்து நுனி அடியைத் தொட வேண்டும், 7 கொஞ்சம்தான் தலை சாய்த்திருக்க வேண்டும். சில சூடுகளிலேயே உங்கள் சூளையின் சூடான மூலையும் குளிர்ந்த மூலையும் தெரிந்துவிடும்.

முதல் சூட்டில் அவசரம் கூடாது. 100 டிகிரிக்குக் கீழே, 80-90-ல் நீண்ட நேரம் நிறுத்துங்கள். தடித்த அடியில் ஈரம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும். 450 முதல் 600 வரை மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் வெளியேறும். 573-ல் குவார்ட்ஸ் திடீரென விரியும், குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். 700-க்கும் 900-க்கும் இடையில் மண்ணிலிருக்கும் கரிமப் பொருள் எரிந்து போக நேரம் கொடுங்கள், அதை அவசரப்படுத்தினால் கிளேஸ் சூட்டில் ஊசித் துளைகளாகத் திரும்பி வரும். இறங்கும்போது 100-க்குக் கீழே வரும்வரை மூடியைத் தூக்க வேண்டாம். ஆசை எனக்கும் இருக்கும். ரிடக்‌ஷன் செய்கிறவர்கள் கார்பன் மோனாக்சைடை மறக்கக் கூடாது. மணமில்லாத விஷம், காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் அந்தச் சூளையைப் பற்ற வைக்காதீர்கள்.

பழுதுகளைப் படிப்பது

நான்கு பழுதுகளின் காரணம் தெரிந்தால் பட்டறையில் வரும் பெரும்பாலான சிக்கலுக்கு வழி கிடைக்கும்.

கீறல்: குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு வலைபோல் வெடிக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் அதிகம் சுருங்குபவை. சிலிக்காவை 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள், அல்லது ஃபெல்ட்ஸ்பாரைக் கொஞ்சம் குறைத்து மக்னீசியமோ போரானோ கொடுங்கள். தடிமனான பூச்சு இதை மோசமாக்கும். அலங்கார ஜாடியில் கீறல் அழகு. கிண்ணத்தில் நான் விடமாட்டேன், அது பாண்டத்தின் வலிமையையும் குறைக்கிறது. கொதிநீரில் வைத்துவிட்டு உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். ஒளிந்திருப்பது வெளியே வரும்.

உதிர்தல் இதற்கு நேர் எதிர். மண் அதிகமாகச் சுருங்கி, கிளேஸ் நெரிபட்டு, விளிம்புகளிலும் கைப்பிடி மேடுகளிலும் செதில்களாகக் கழன்று விழும். அந்தச் செதில் கண்ணாடித் துண்டு. இப்படி வந்த ஒரு பாண்டம்கூட வெளியே போகக் கூடாது. சிலிக்காவைக் குறைத்து, ஃபெல்ட்ஸ்பாரைக் கூட்ட வேண்டும்.

சுருண்டு ஒதுங்குவதற்கு மூன்று காரணங்கள்: தூசி, மிகத் தடித்த பூச்சு, கிளேஸில் சுடாத மண் அதிகம். கயோலின் காயும்போது சுருங்கிப் பூச்சில் வெடிப்பு விழும். சூட்டில் அந்த வெடிப்பு விலகி வெற்று மண் தெரியும். கயோலினில் ஒரு பங்கை முன்பே சுட்டுச் சேர்த்தால் சரியாகும்.

ஊசித் துளை என்றால் முதலில் பிஸ்க்கைச் சந்தேகியுங்கள், அடுத்து கிளேஸ் சூட்டின் உச்சத்தில் பத்து இருபது நிமிடம் நிறுத்துங்கள். அதுவும் போதாவிட்டால் உச்சத்திலிருந்து 50-60 டிகிரி இறக்கி அங்கே அரை மணி நிறுத்திப் பாருங்கள். கிளேஸ் சற்றுக் கெட்டியாகி, புதிய குமிழி எழாமல் பழைய துளைகள் மூடிக்கொள்ளும்.

உணவுக்கான பாண்டங்களில் ஈயமும் காட்மியமும் என் பட்டறைக்குள் வருவதேயில்லை. தாமிரம் அதிகமுள்ள கிளேஸும், சரியாக முதிராத, பளபளப்பில்லாத மேட் கிளேஸும் புளிப்பில் கரையும். வினிகரில் பாதி மூழ்கும்படி ஒரு துண்டை மூன்று நாள் வைத்து, நனைந்த பாதியின் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸை உணவு தொடும் பக்கத்தில் பூசாதீர்கள். மாறாவிட்டாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து, கரைந்து வந்த உலோகத்தை அளக்கிறார்கள். விற்கும் கிளேஸ்களை அங்கே அனுப்புங்கள். நான்கு ஐந்து கிளேஸோடு நிறுத்தினால் அந்தச் செலவும் தாங்கும்.

வருமானம்

1938-ல் வியன்னாவிலிருந்து லண்டனுக்குத் தஞ்சம் வந்த குயவர் லூசி ரீ, ஆடைகளுக்கான பீங்கான் பொத்தான்கள் செய்து பிழைத்தார். அந்தப் பொத்தான்களுக்கு ஆடையின் துணிக்குப் பொருந்தும் நிறம் வேண்டும், அதற்கான கிளேஸ்களை அவர் செய்துகொண்டே இருந்தார். பின்னாளில் அவர் கிண்ணங்களுக்குப் புகழ் தந்த கண், கை, கிளேஸ் அறிவு எல்லாம் அங்கேயும் வேலை செய்தவை. லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையைப் பிற்காலத்தில் தாங்கியதும் ஸ்டாண்டர்ட் வேர் என்ற அன்றாடப் பாண்டங்கள்தான். அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தே கை பழகினார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு அன்றாட வரிசை வேண்டும். ஒரு கோப்பை, ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஒரு ஜாடி. கோப்பைக்கு 350 கிராம் என்று முடிவு செய்தால் அத்தனை உருண்டையும் தராசில் 350. உயரத்துக்கும் வாய் அகலத்துக்கும் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவத்தைத் தொடர்ந்து இழுக்கும்போது கை தானாகத் தேவையற்ற அசைவுகளை உதறும்.

விலை போடும்போது சக்கரத்தில் செலவான நேரத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் நஷ்டப்படுகிறார்கள். பிசைவது, அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, கிளேஸ், அடியைத் தேய்ப்பது, படம் எடுப்பது, பொதி கட்டுவது, இவற்றுக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஒரு சூளை நிறையப் பாண்டங்களுக்கான பொருள், மின்சாரம், இடம், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சூளையிலிருந்து விற்கத் தகுதியாக வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். கடைக்கு விற்றாலும் பட்டறையில் விற்றாலும் வாங்குகிறவருக்கு ஒரே விலை இருக்கட்டும். பழுதுபட்டதைக் குறைந்த விலைக்கு விற்பதை நான் ஏற்பதில்லை, பல நல்ல குயவர்கள் செய்கிறார்கள். என் முத்திரையோடு போகும் கோப்பை முழுக்கோப்பையாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கற்பிப்பது

சூளையில் ஒரு பாண்டம் கெட்டுப்போனதற்குக் காரணத்தை வாயால் சொல்லி, அடுத்த சூட்டில் அதைத் திருத்திக் காட்ட முடிகிறதா? முடியும் என்றால் நீங்கள் கற்பிக்கலாம். அழகாக இழுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மாணவர் கையில் மண் ஆடும்போது, முழங்கை தொடையில் ஊன்றவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது, மண்ணில் காற்று இருக்கிறது, இவற்றில் எது என்று பார்த்த நொடியில் சொல்ல வேண்டும்.

சக்கர வகுப்புக்கு ஆறு பேர் என்பது என் எல்லை. அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் தவறான பழக்கத்தோடு ஒரு மணி நேரம் போராடுவதை நான் கவனிக்காமல் விட்டுவிடுவேன். மாணவர் மண்ணில் என் கையை வைத்துச் சரிசெய்து கொடுப்பதும் இல்லை. பக்கத்துச் சக்கரத்தில் அதே படியை மெதுவாகச் செய்து காட்டுவேன். முதல் வகுப்புகளில் இழுத்த உருளைகளைக் கம்பியால் நடுவில் அறுத்து இரண்டு பாதியையும் பக்கவாட்டில் வைப்போம். சுவர் எங்கே தடித்திருக்கிறது, அடி எங்கே மெலிந்திருக்கிறது என்று அவர்களே பார்க்கிறார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற குயவர் மார்கரீட் வில்டன்ஹைன் கலிஃபோர்னியாவின் பாண்ட் ஃபார்ம் என்ற இடத்தில் கோடை வகுப்புகள் நடத்தினார், மாணவர்கள் அங்கே செய்த பாண்டங்களை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நான் அந்த அளவுக்குப் போவதில்லை. ஒரு கோப்பையாவது தன் கையால் செய்தது வீட்டில் இருப்பது ஒருவரை மறுபடி சக்கரத்துக்குக் கொண்டுவரும். ஆனால் முதல் உருளைகள் அறுபட்டே ஆக வேண்டும்.

கிளேஸ் கற்பிக்க முக்கோணக் கலவையைப்போல் நல்ல வழி வேறில்லை. 21 துண்டுகளை வகுப்பில் பிரித்துக் கொடுங்கள், ஆளுக்கு மூன்று நான்கு வரும். ஒவ்வொருவரும் கலந்து, முக்கி, எண் எழுதுவார்கள். சுட்டபின் மேசையில் முக்கோணமாக அடுக்கி, "எந்த மூலைக்குப் போகப் போக வழிகிறது? எது மங்குகிறது? ஏன்?" என்று கேளுங்கள். நான் பேசாமல் இருந்தால்கூட அந்த மேசையைச் சுற்றி வகுப்பு தானாக நடக்கும். அந்தத் துண்டுகள் சுவரில் ஏறி, அடுத்த வகுப்புக்குப் பாடமாகின்றன.

மாணவர்களின் கிளேஸ் வாளிகளை ஐந்துக்குள் வையுங்கள். எந்த இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பூசினாலும் வழியாதபடி முன்பே சோதித்து வையுங்கள். அப்படியும் அவர்கள் தடித்துப் பூசுவார்கள். ஒவ்வொரு மாணவர் பாண்டத்துக்கும் அடியில் பிஸ்க் செய்த வட்டத் தகடு ஒன்று வைத்தால் சூளைத் தட்டு பிழைக்கும். தட்டுகளுக்குக் கயோலினும் அலுமினாவும் சம அளவில் கலந்த பூச்சும் கொடுங்கள். மாணவர் மண்ணும் உங்கள் மண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். வெளியிலிருந்து பெயர் தெரியாத மண்ணைக் கொண்டுவந்து "இதையும் சுட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். குறைந்த வெப்ப மண் 1220-ல் உருகி, தட்டையும் பக்கத்துப் பாண்டங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

செய்முறைகளை ஒளிக்காதீர்கள். என் வாளிகள் எல்லாவற்றின் செய்முறையும் அவற்றின் மூடியிலேயே இருக்கிறது. அதை எழுதிப் போனவர்கள் தங்கள் மண்ணில், தங்கள் சூளையில் வேறொன்றைத்தான் பெறுகிறார்கள், அங்கிருந்து எனக்குத் திரும்பி வரும் கேள்விகளால் நான் கற்றது அதிகம்.

ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்த வேலைக்கான நாட்களை. வகுப்பு வருமானம் நிலையானது, ஆகவே அது வாரத்தை முழுக்க எடுத்துக்கொள்ளப் பார்க்கும். வாரத்தின் பாதியாவது வகுப்பில்லாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டும் முதுகும் அந்த இடைவெளியைக் கேட்கும். மண் மூட்டைகளை இடுப்பு உயரத்தில் வைப்பது, சக்கரத்தைக் குனியாத உயரத்துக்கு ஏற்றுவது, இவற்றை வலி வந்தபின் செய்யாமல் முதல் வாரமே செய்துவிடுங்கள்.

பொருள் புதிதாக வாங்கும்போது, ஃபெல்ட்ஸ்பாராகட்டும் கயோலினாகட்டும், பழைய மூட்டை காலியாகும் முன் புதியதை வாங்குங்கள். பழையதில் 100 கிராம் கிளேஸ், புதியதில் 100 கிராம் கிளேஸ், இரண்டு துண்டுகள், ஒரே தட்டில். இரண்டும் ஒன்றுபோல் வந்தால் மூட்டையின் மேல் தேதி எழுதிவிட்டு வாளியில் சேருங்கள். வேறாக வந்தால் வாளியைத் தொடாமல், புதிய பொருளில் சிலிக்காவோ கயோலினோ இரண்டு இரண்டு சதவீதமாகக் கூட்டியும் குறைத்தும் ஒரு வரிசை சுட்டுப் பாருங்கள்.